புதன்கிழமை வரும் போன்

பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நானும் உங்கள் மகளும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து நின்றபடியே, வருகிறவர்கள் மூக்கில் ஃபிரேமை மாட்டிக் கழற்றும் வேலை. நடுநடுவே உட்காருங்கள். மகன் போன வாரம் ஏதோ துறைமுகத்திலிருந்து பேசினான். கப்பலின் எஞ்சின் அறைச் சூட்டில் வெந்துகொண்டிருந்தாலும் குரலில் தெம்பு இருந்தது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் வீடுதான் உங்களுக்குத் தெரியுமே. முன்னறையில் தையல் மெஷின்கள், ஒரே ஒரு சுவர், அந்தப் பக்கம் உங்கள் மகள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கும் அறை. நான் பெருமூச்சு விட்டால்கூட "என்ன அத்தை?" என்று குரல் வரும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் இளைத்துக்கொண்டே போகிறாள். கல்யாணத்துக்குப் பிறகு நான் தைத்துக் கொடுத்த சட்டைகளை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. எங்கள் கடையில் துணி வெட்டுகிறவளைக் கட்டிங் அக்கா என்போம். அவள் போன வாரம் அளவெடுத்துவிட்டு, "டேப்பு கீப்பு இழுத்துக்கிச்சா என்ன?" என்று என் முகத்தைப் பார்த்தாள்.

அப்புறம் இந்தப் புதன்கிழமை போன். மற்ற நாட்களில் ஆபீஸ் போன் வந்தால் கதவு திறந்தே இருக்கும். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் கதவு சாத்திக்கொள்ளும், மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும், பேச்சு ரகசியமாகிவிடும். கேட்டால், "ஆபீஸ் கால் அத்தை." ஒருநாள் கொடியில் துணி எடுக்கப் போனபோது, "இந்த வாரம் பரவாயில்லை, தாங்கிக்கிட்டேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. எதைத் தாங்கிக்கொண்டாள்? என்னையா?

இந்த வீட்டில் அவளுக்கு ஏதாவது மனக்குறையா, இல்லை என்னிடம் சொல்ல முடியாத வேறு ஏதாவதா? நீங்களும் ஒரு பிள்ளையைப் பெற்றவர் என்பதால் கேட்கிறேன். என்னால் முடிந்தது, அவளைத் தேற்றுவதற்கு நல்லதாகச் சமைத்துப் போடுவதுதான். பச்சைக் காய்கறி, முளைகட்டிய பயறு, கீரை, கொட்டை வகை என்று தட்டை நிரப்புகிறேன். நகக்கண் அளவுகூடச் சதை போடவில்லை.

பதில் எழுதுங்கள். கடைக்கு எழுதினால் கட்டிங் அக்கா வாங்கி வைப்பாள்.

உங்கள் சுகத்தை விரும்பும்
சம்பந்தி

●

பிப்ரவரி 27

அன்பு மிகுந்த சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது, மன்னிக்கவும். நான் நலம். முழங்காலில் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. கடையில் ஆண்டுக் கணக்கெடுப்பு, ஒரு ஃபிரேம் விடாமல் துடைத்து அடுக்க வேண்டியிருந்தது. போன வாரம் ஒரு பெரியவர் வந்து, பழைய கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டே அதைக் காணோம் என்று புதிதாக வாங்கிப் போனார். வெளியே போனபிறகுதான் நாங்களே பார்த்தோம். சிரித்து மாளவில்லை.

மகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எப்போதும் சொல்கிறாள். சின்ன வயதிலிருந்தே ஒல்லி உடம்பு, அவள் அப்பா வழி. அவரும் கடைசிவரை அப்படித்தான் இருந்தார். புதன்கிழமை வருவது ஆபீஸ் போனாகத்தான் இருக்கும்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்று மட்டும். காளான், சோளம், கீரைத்தண்டு, தவிடு கலந்த ரொட்டி, கொட்டை வகை, இதெல்லாம் அவளுக்கு ஆகாது. ஆகாது என்றால், பிடிக்காது என்று சொல்ல வந்தேன். சிறு பிள்ளையிலிருந்தே அப்படி. தோல் நீக்கி, குழைய வேகவைத்து, எளிமையாக எது கொடுத்தாலும் போதும். நீங்கள் சிரமப்படவே வேண்டாம்.

மாப்பிள்ளை பேசினால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்
சம்பந்தி

●

பிப்ரவரி 27

சின்னு கண்ணு,

எப்படி இருக்கிறாய்? வலி வந்ததா? இதைக் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து உன் ஆபீஸ் மெயிலுக்கு அனுப்புகிறேன். போனில் நீ "நல்லா இருக்கேம்மா" என்பதைத் தவிர ஒன்றும் சொல்வதில்லை, பக்கத்தில் ஆள் இருக்கிறதே.

உன் மாமியார் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நீ இளைத்தது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை போனையும் கவனித்துவிட்டார். வேறு மாதிரி சந்தேகமும் எட்டிப் பார்க்கிறது என்று எனக்குப் படுகிறது. நான் எதையோ எழுதி மழுப்பிவிட்டேன். எழுதும்போது கை கூசியது.

குடலில் புண் வந்து வந்து ஆறி, சிறுகுடல் ஓரிடத்தில் குறுகிப்போயிருக்கிறது, நார் நிறைந்தது எதுவும் கூடாது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியது எனக்கே நினைவிருக்கிறது. உனக்கு மறந்துவிட்டதா? அவர் தட்டில் வைப்பதை எல்லாம் எப்படிச் சாப்பிடுகிறாய்? கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றார். பக்குவம் பார்த்துக்கொண்டே கப்பல் ஏறிவிட்டார். நீயாவது சொல்லிவிடு. இல்லையென்றால் நான் சொல்லட்டுமா?

பதில் போடு. பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அம்மா

●

மார்ச் 5

அம்மா,

நான் இருக்கிறேன், நீ சாப்பிடு. ஒரு குடும்பத்தில் ஒருத்தி இளைத்தால் போதும்.

அத்தையிடம் நீ எதுவும் சொல்லக் கூடாது. கப்பலிலிருந்து அவர் வரட்டும், சேர்ந்து சொல்கிறோம். எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதெல்லாம் முதல் வாக்கியத்திலேயே கழிவறை வந்துவிடுகிறது. மாமியாரிடம் எப்படி ஆரம்பிப்பது, நீயே சொல்.

எல்லாவற்றையும் சாப்பிடுவதில்லை. கொட்டைகளைப் பையில் போட்டுக்கொள்வேன். பயறு மொட்டைமாடிப் புறாக்களுக்குப் போகிறது. கீரையை மட்டும் மென்று மென்று சக்கையை ஒதுக்கிவிடுவேன். அத்தை சமைப்பதைப் பார்த்தால் உனக்குப் புரியும். வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருப்பார், இவர் அடுப்படியில் எனக்காகக் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். வேண்டாம் என்று வாய் வரவில்லை.

புதன்கிழமை பேசுகிற டயட்டீஷியனிடமும் கொஞ்சம் பொய் சொல்கிறேன். இந்த ஊர் டாக்டர் மருந்து மட்டும்தான் தருகிறார். இந்த நோய்க்கு என்று உணவு சொல்கிறவர் அத்தனை தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான், போனிலேயே பார்த்துக்கொள்கிறார். குரல் நல்ல குரல். ஆனால் குரலுக்குக் கண் கிடையாதே. எடை எவ்வளவு என்று கேட்டால் பழைய எடையையே சொல்லிவிடுகிறேன். "உங்க வீட்ல சமைக்கிறவங்ககிட்ட நான் ஒரு தடவை பேசணுமே" என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். "அவங்க வெளியில போயிருக்காங்க" என்றேன். "அப்ப அங்க மெஷின் ஓட்டறது யாரு?" என்று சிரிக்கிறார்.

கப்பலிலிருந்து அவர் வர இன்னும் நாலைந்து மாதம்தான். தாங்கிவிடுவேன்.

சின்னு

●

மார்ச் 16

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் படித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தலைமேல் கண்ணாடி வைத்திருந்த பெரியவர் கதையைக் கட்டிங் அக்காவுக்கும் சொன்னேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

பிடிக்காது என்பதுதான் விஷயமா! இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? என் மகனும் சின்னதில் அப்படித்தான், காய் என்றால் காத தூரம் ஓடுவான். அவனுக்குச் செய்த வித்தையையே இவளுக்கும் ஆரம்பித்துவிட்டேன். காளானைப் பொடிப்பொடியாக நறுக்கி இறைச்சி உருண்டைக்குள் வைத்துப் பொரித்தேன், ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டாள். ரொட்டி மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தவிடு கலக்கிறேன். கீரைத்தண்டை இடித்துக் குழம்பில் கரைத்துவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நாக்குக்கு எப்படித் தெரியும்? நீங்களும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள், இது நமக்குள் இருக்கட்டும்.

இரண்டு நாளாக முகம் கொஞ்சம் வாடியிருக்கிறது. வெயிலாக இருக்கும். இன்னும் ஒரு மாதத்தில் பாருங்கள், பிடித்த சட்டையை எல்லாம் நானே பிரித்துவிடுவேன்.

மகிழ்ச்சியுடன்
உங்கள் சம்பந்தி

●

ஏப்ரல் 11

சம்பந்திக்கு,

நீங்கள் நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நீங்களும் அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருந்தோம். சலைன் தீர்ந்ததா, நர்ஸ் வந்தாளா என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவள் மூக்கில் குழாயோடு கிடந்தபோது பேசுகிற பேச்சும் இல்லை அது. இப்போது எழுதுகிறேன்.

அன்று என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

காலையிலிருந்தே வயிறு வலி என்று படுத்திருந்தாள். மாதவலி என்று நினைத்து வெந்நீர்ப் பை கொடுத்தேன். பிற்பகல் வாந்தி எடுத்தாள். நிற்காமல் எடுத்தாள். தரையில் சுருண்டுகொண்டு என் காலைப் பிடித்தாள். அப்போதுதான் அவள் போன் அடித்தது. அன்று புதன்கிழமை.

எடுத்தேன்.

"வணக்கம், டயட்டீஷியன் பேசறேன். அவங்க இருக்காங்களா?"

"தரையில சுருண்டு கிடக்கிறா. ஒரே வாந்தி. நீங்க யாரு?"

அந்தக் குரல் சட்டென்று மாறியது. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? அம்மாவா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. வயிறு உப்பியிருக்கா? கையை வெச்சுப் பாருங்க."

"கல்லு மாதிரி இருக்கு."

"காத்து பிரியுதான்னு கேளுங்க."

கேட்டேன். அத்தனை வலியிலும் அந்தக் கேள்விக்கு அவள் முகம் கூசியது. தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"வாய்க்கு எதுவும் கொடுக்காதீங்க. தண்ணிகூட வேணாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குரோன்ஸ் நோய், சிறுகுடல்ல சுருக்கம் இருக்கு, அடைச்சிருக்கலாம்னு போன உடனே சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதானேம்மா இதெல்லாம், பயப்படாதீங்க."

எனக்குத் தெரிந்ததுதான் என்கிறாள்! "தெரியும்" என்றேன்.

"நேத்தும் இன்னைக்கும் என்ன சாப்பிட்டாங்க? காளான், சோளம், தவிடு, கீரைத்தண்டு, இந்த மாதிரி ஏதாவது உள்ள போச்சா?"

என் அடுப்படியில் நின்று பார்ப்பவள்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"எல்லாம் போச்சு."

"அவங்க தொட மாட்டாங்களே!"

"அவளுக்குத் தெரியாம நான்தான் போட்டேன்."

"சரிம்மா, அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப வண்டியைப் பாருங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கட்டிங் அக்காவும் நானும் அவளைத் தூக்கி வண்டியில் வைத்தபோது ஒரு துணிக்கட்டின் கனம்கூட இல்லை.

நீங்கள், அவள், நான் பெற்றவன், மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. சமைக்கிற எனக்கு மட்டும் தெரியவில்லை. என் வீட்டில் என்னை ஊரார் ஆக்கிவிட்டீர்கள், அதைக்கூட விடுகிறேன். என் கையாலேயே அவளுக்கு அதைக் கொடுக்க வைத்தீர்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "பிடிக்காது" என்று எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். முதலில் "ஆகாது" என்று எழுதி, பிறகு மாற்றியிருக்கிறீர்கள். ஒரு சொல், சம்பந்தி. அந்த ஒரு சொல்லை அப்படியே விட்டிருக்கலாம்.

இப்போது அவளுக்குத் திட ஆகாரம் இல்லை, டப்பாவில் வரும் சத்துப் பானம் மட்டும். குடல் ஆறும்வரை வாரக்கணக்கில் அதுதானாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் மாமியார்

●

ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

மறைத்து வைத்துக் கொடுப்பதாக நீங்கள் எழுதிய கடிதம் என் கைக்கு வந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து கட்டிங் அக்கா எனக்குப் போன் செய்ததும் ஒரே நாள் சாயங்காலம். கடிதத்தைப் படித்து முடித்து, உங்களைக் கூப்பிடப் போனை எடுத்தபோதே அது அடித்தது.

நீங்கள் சொன்னது எதையும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கேளுங்கள். உங்களுக்கு முன்பு பெண் பார்க்க வந்த ஒரு இடத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னோம். குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். கோப்பைகளைக் கழுவும்போது என் மகள் பக்கத்தில் வந்து நின்று, "ஒட்டிக்கும்னு நினைச்சுட்டாங்க போலம்மா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாப்பிள்ளை சொல்லிக்கொள்கிறேன் என்றதும் பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டு நான் நகர்ந்துகொண்டேன்.

அவளை என்னிடம் அனுப்பிவிடுங்கள். இனி அவளைப் பார்க்கும்போதெல்லாம் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், அவளுக்கும் பயமாக இருக்கும். உடம்பு தேறட்டும். அதற்குப் பிறகு மாப்பிள்ளையும் நீங்களும் என்ன முடிவு செய்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து
சம்பந்தி

●

மே 14

அம்மா,

நான் நலம். நிஜமாகவே சொல்கிறேன், பழைய "நலம்" இல்லை. வலி இல்லை. பானம் குடித்துக் குடித்து நாக்கு மரத்துவிட்டது. கனவில் ரொட்டி வருகிறது. ஓடிப் பிடிப்பதற்குள் விழித்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்துக்கு அத்தை பதில் போடவில்லை என்று நீ தவிப்பது தெரியும். அதைப் படித்தார். என்னிடம் நீட்டி, "உங்க அம்மா கூப்பிடறாங்க. போறதுன்னா டிக்கெட் போடறேன்" என்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான் போகவில்லை என்றேன். "சரி" என்று மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

வீடு இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? அத்தை அடுப்பே மூட்டுவதில்லை. நான் பானம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு எதிரில் அவர் சாப்பிட மாட்டாராம். கடையில் வாங்கிய ரொட்டியை மெஷின் மேலேயே வைத்துத் தின்கிறார். கட்டிங் அக்கா வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்தால் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். நான் இருமினால் மெஷின் நின்றுவிடுகிறது.

புதன்கிழமை கதவு சாத்துவதில்லை. டயட்டீஷியன் போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டார். எடை ஏறுவதும் இறங்குவதும் ஏமாற்றும், கை, கால் சுற்றளவையும் எடுங்கள் என்றார். அத்தை டேப் வைத்து என் கையையும் கெண்டைக்காலையும் அளந்து, அதிகாரிக்கு அறிக்கை படிப்பதுபோலச் சொல்கிறார். போன வாரம் நான் பழைய எடைப் பொய்யை ஒப்புக்கொண்டேன். "தெரியும்மா, உங்க எடை ஒரு கிராம்கூட மாறாம இருந்துச்சே, கல்லுக்கூட அப்படி இருக்காது" என்றார். அத்தை சிரிக்கவில்லை.

அவர் துறைமுகத்திலிருந்து பேசினார். அத்தை போனை வாங்கி, "நீ சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லுவேன்னு நினைச்சியா?" என்று கேட்டார். அவர் என்ன சொன்னாரோ, அத்தை வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பாய். இப்போது கிளம்பினால் அத்தை சாகிறவரைக்கும் அந்தக் காளானையே நினைத்துக்கொண்டிருப்பார். எனக்கும் ஒளிந்து ஒளிந்து சலித்துவிட்டது. ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. இந்த மௌனம் எதில் போய் முடியும் என்று தெரியவில்லை.

சின்னு

●

மே 28

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு ஊசி போடப்போவதாக மருமகள் சொன்னாள். பயப்படாதீர்கள், சரியாகிவிடும். இங்கே அவள் தேறிவருகிறாள்.

நீங்கள் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் ஒரு கேள்வி வந்து நின்றுகொள்கிறது. மகன் போனில் சொன்னான், "நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டேம்மா, அதான் சொல்லலை." ஒத்துக்கொண்டிருப்பேன் என்று அடித்துச் சொல்ல நான் எத்தனையோ தடவை வாயைத் திறந்து பார்த்தேன், சத்தம் வரவில்லை. தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கலாம். அதனால் உங்கள்மேல் கோபப்படும்போது பாதியில் கோபம் வழுக்கிவிடுகிறது. முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது ஒரு உதவி வேண்டும். அடுத்த மாதம் முதல் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாமாம். ஸ்கேன் நன்றாக இருக்கிறது, சுருக்கம் இருந்த இடத்தில் வீக்கம் வடிந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டயட்டீஷியன் என்னைத்தான் சமைக்கச் சொல்கிறாள். ஒரு உருளைக்கிழங்கு, தோல் சீவி, வேகவைத்து, மசித்து, அவ்வளவுதான். நேற்று ஒத்திகை பார்க்கிறேன் என்று அடுப்பு முன்னால் நின்றேன். என் கை நடுங்கியது, சம்பந்தி. ஊசியில் நூல் கோக்க ஒருநாளும் நடுங்காத கை.

நீங்கள் வாருங்கள். முதல் வாயை உங்கள் கையால் கொடுத்துவிட்டுப் போங்கள். அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

சம்பந்தி

●

ஜூன் 4

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊசி போட்டாகிவிட்டது, காலைக் கொஞ்சம் மடக்க முடிகிறது.

கடிதம் வந்த அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன். இரண்டு நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் வரவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வந்து ஊட்டினால் அவள் சாப்பிடுவாள். ஊருக்குத் திரும்பியதும்? மறுநாளும் அவளுக்குப் பசிக்கும், அப்போதும் அடுப்பு முன்னால் நீங்கள்தான் நிற்க வேண்டும். அன்றைக்கும் கை நடுங்கும். என் கை அவளுக்குப் பழக்கப்பட்டது, அதில் அவளுக்குப் பயம் கிடையாது. உங்கள் கையில்தான் பயம் தீர வேண்டும், உங்களுக்கும் அவளுக்கும்.

இப்படித் தைரியமாக எழுதிவிட்டேன். எந்த நாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் கடையில் யார் மூக்கிலோ யார் கண்ணாடியையோ மாட்டிவிடுவேன். முடிந்தபிறகு எழுதுங்கள்.

கல்யாணத்தின்போது மறைத்தது பொய், உங்களுக்கு எழுதியது பொய், இது பொய் இல்லை: உங்களை நம்புகிறேன்.

அன்புடன்
சம்பந்தி

●

ஜூன் 21

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கால் மடங்குகிறது என்று படித்துச் சந்தோஷம். ஆனால் அதற்காக மாடிப்படி ஏறி இறங்க ஆரம்பித்துவிடாதீர்கள்.

நீங்கள் வரவில்லை என்றதும் முதலில் ஆத்திரம்தான் வந்தது. இந்த அம்மாள் மறுபடியும் நழுவுகிறாள் என்று கட்டிங் அக்காவிடம் கத்தினேன். அவள் கத்தரியைக் கீழே வைக்காமலே, "கேட்டது நீங்க, பயப்படறது நீங்க, திட்டு மட்டும் அவங்களுக்கா?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை டயட்டீஷியன் வீடியோவில் வந்தாள். இத்தனை நாள் குரலாக இருந்தவளுக்கு முகம் இருந்தது. என் மகனைவிடச் சின்னப் பெண். போனை அடுப்புக்கு மேல் அலமாரியில் சாய்த்து வைக்கச் சொன்னாள். நான் தோல் சீவ ஆரம்பித்தேன். சீவிக்கொண்டே இருந்தேன். "அம்மா, போதும், விட்டா உருளைக்கிழங்கே மிஞ்சாது" என்றாள். மருமகள் சிரித்தாள். வெந்ததை மசித்து, பிறகு மெல்லிய துணியில் போட்டும் வடிகட்டினேன். அது தேவையில்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள், நான் கேட்கவில்லை.

அவள் சாப்பிட்டாள். ஒவ்வொரு கரண்டியும் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரி வரை மெஷினில் உட்கார்ந்தேனே தவிர மிதிக்கவில்லை. சுவரையே கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டிங் அக்காகூடத் துணியைச் சத்தமில்லாமல் வெட்டினாள்.

ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், எனக்கு உயிரே போய்விட்டது. போனை எடுத்து நம்பரை அழுத்திவிட்டேன். "வெறும் காத்து அத்தை, வெச்சிடுங்க" என்றாள். வாசலில் சட்டை வாங்க வந்தவர் நிற்கிறார், இவள் இப்படிக் கத்துகிறாள். நானும் திருப்பிக் கத்தினேன், "பிரிஞ்சுதா?" என்று. அவர் சட்டையைச் சரிபார்க்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இந்த நோய் போகிற நோய் இல்லையாம், அடங்கியிருக்கும், தலை தூக்கும், அடங்கும். ஒவ்வொரு புது உணவுக்கும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நிற்பேன் போலிருக்கிறது.

நேற்று முட்டை ஆரம்பித்தோம், நன்றாக வேகவைத்து, உருளைக்கிழங்கோடு சேர்த்து மசித்தேன். பாதி சாப்பிட்டாள். முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெம்பில் கேட்காமலே இன்னொரு கரண்டி எடுத்து அவள் தட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"வேணாம் அத்தை. போதும்."

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நானும் அப்படியே நின்றேன், கரண்டி கையில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"சரி" என்றேன்.

கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், மீதி இருந்ததை நின்றபடியே நான் சாப்பிட்டேன். உப்பு போதவில்லை. அதை அவள் இன்னும் சொல்லவில்லை.

கால் நன்றாக ஆனதும் வாருங்கள். இந்தத் தடவை கட்டிலுக்கு ஒரே பக்கம் உட்காரலாம்.

உங்கள் சம்பந்தி